கோட்டுப் பைக்குள் போன கை

தில்லையம்பலம் லண்டனை வெயிலை வைத்துப் பிரித்து வைத்திருந்தார். பக்கிங்ஹாம் அரண்மனையின் முகப்பு கிழக்கே பார்த்தது. ஆகவே அது காலைக்குரியது. பிக் பென்னை ஆற்றுக்கு அக்கரையில் நின்று எடுத்தால் வெளிச்சம் முதுகுப்பக்கம் இருக்கும். அதுவும் காலைதான். டிரஃபால்கர் சதுக்கமும் புறாக்களும் நடுப்பகலுக்கு. சென்ற் போல்ஸ் தேவாலயத்தின் வாசல் மேற்கே பார்த்ததால் மத்தியானத்துக்குப் பிறகு. கடைசியாக டவர் பிரிட்ஜ். லண்டன் டவர் என்கிற பழைய கோட்டைக்குக் கீழே பீரங்கிகள் நிற்கிற ஆற்றங்கரையில் பின்னேர வெயில் நேரே பாலத்தில் விழும். அங்கிருந்து டவர் ஹில் ஸ்டேசன் பக்கம். டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறினால் வீடு. வெயில் மேற்கே போகப் போக, அவர் கிழக்கே வந்துகொண்டிருப்பார். இந்த ஒழுங்கை அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆரம்பத்தில் எடுத்த படங்களில் எல்லா முகமும் கறுப்பாக விழுந்த பிறகு அவரே கண்டுபிடித்தார்.

யாழ்ப்பாணத்தில் அவர் மின்சார சபையில் மீற்றர் வாசித்தவர். கோண்டாவில், இணுவில், உரும்பிராய் என்று வீடு வீடாகச் சைக்கிளில் போய், சுவரோடு நின்று பார்த்து எழுதி வருவது வேலை. 1985இல் மனைவி செல்வமலரோடும் ஒரே மகளோடும் லண்டனுக்கு அகதியாக வந்தார். ஈஸ்ட் ஹாமில் ஒரு வரிசை வீட்டின் மேல்மாடி கிடைத்தது. ஒரு பெற்றோல் ஸ்டேசனில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற வேலை கிடைத்தது.

"அங்கையும் மீற்றர், இஞ்சையும் மீற்றர். அங்க நாய் கலைக்கும், இஞ்ச மனேஜர் கலைப்பான்," என்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் இல்லை. அன்று அவர் படம் எடுப்பார்.

கமரா சந்தையில் பழசாக வாங்கியது. ரஷ்யத் தயாரிப்பு. அதன் நெற்றியில் வெளிச்சத்தை அளக்கிற ஒரு சின்ன ஊசி இருந்தது. அந்த ஊசிக்காகத்தான் அவர் அதை வாங்கினார் என்பது செல்வமலரின் முடிவு.

புதிதாக வந்து சேர்கிற பொடியனுக்கு முதலில் படுக்க இடம் வேண்டும். பிறகு வேலை. அதற்குள்ளேயே ஊரிலிருந்து படம் கேட்டுக் கடிதம் வந்துவிடும். தாய்மார் கடிதத்தை நம்புவதில்லை. கடிதத்தை யாரும் எழுதலாம். மகன் இரண்டு காலில் நிற்பதைப் பார்க்க வேண்டும். பின்னால், பார்த்தவுடன் லண்டன் என்று தெரிகிற ஏதாவது நிற்க வேண்டும். ஒரே அறையில் நிலத்தில் பாய் போட்டு வரிசையாகப் படுப்பதும் லண்டன்தான். அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.

கோட்டும் அவருடையதுதான். ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு தேவாலய மண்டபத்தில் பழைய உடுப்பு விற்றபோது வாங்கிய கறுப்புக் கம்பளிக் கோட்டு. முழங்காலுக்குக் கீழே வரும். மெலிந்தவன் போட்டால் முதுகுப்பக்கம் உடுப்புக் கிளிப் போட்டு இறுக்குவார். முன்னால் பார்த்தால் அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். ஒருமுறை ஊருக்குப் போய்வந்த ஞானரட்ணம் என்பவர் தெருவில் அவரை மறித்தார்.

"தில்லையண்ணை, உந்தக் கோட்டை எங்கட ஒழுங்கையில மூண்டு வீட்டுச் சுவரில கண்டன். லண்டனில கோட்டுக்குப் பஞ்சமோ எண்டு சனம் கேக்குது."

"நீர் என்ன சொன்னனீர்?"

"லண்டன் அரசாங்கம் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் குடுக்குது எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்."

தில்லையம்பலம் இதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தாய்மாருக்கு ஒரு நிம்மதியை அனுப்பி வைக்கிறார் என்றுதான் நினைத்திருந்தார். அதில் பிழை இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதில்லை. 1988ஆம் ஆண்டு புரட்டாதி மாதம் வரைக்கும் தோன்றவில்லை.

அந்த மாதம் ஆனந்தராஜா அவரிடம் வந்தான். சுன்னாகத்துப் பொடியன். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு மரத்தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்தவன். முந்திய வருடம் வாள் இயந்திரத்தில் வலது கை மாட்டிக்கொண்டது. சுட்டுவிரலும் நடுவிரலும் அடியோடு இல்லை. காயம் ஆறிய பிறகு அதே இடத்தில் பெட்டி கட்டுகிற வேலைக்குப் போட்டார்கள். அமைதியானவன். கையை ஒளிக்கிற பழக்கம் அவனிடம் இல்லை. தேத்தண்ணிக் கோப்பையை அந்தக் கையாலேயே வாங்குவான்.

"அண்ணை, அம்மா ஒரு சம்பந்தம் பேசிறா. மானிப்பாய்ப் பகுதி. பொம்பிளை வீட்டுக்காரர் படம் கேக்கினம்."

"ஸ்டூடியோவில எடுக்கலாமே?"

"ஸ்டூடியோப் படம் வேண்டாமாம். லண்டன் தெரியோணுமாம்."

அடுப்படியில் நின்ற செல்வமலர் திரும்பினாள். "அப்ப பாலத்தை மட்டும் எடுத்து அனுப்பலாம். பாலத்துக்கே கட்டிக் குடுக்கட்டும்."

மூவரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்த பிறகு செல்வமலர் கேட்டாள்: "கை விசயம் அவைக்குத் தெரியுமோ, தம்பி?"

"அம்மாவுக்கு எழுதினனான், அக்கா. அம்மா சொல்லுவா எண்டு நினைக்கிறன்."

ஞாயிறன்று போனார்கள். அரண்மனை, பிக் பென், புறாக்கள், தேவாலயம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. டவர் பிரிட்ஜுக்கு வந்தபோது வெயில் சரியாக இருந்தது. ஆனந்தராஜா ஆற்றோரத்து இரும்புக் கம்பியோடு நின்று, வலது கையைக் கம்பியின் மேல் வைத்தான். நினைத்துச் செய்யவில்லை. கை அங்கே போனது.

தில்லையம்பலம் கமராவுக்குள் பார்த்தார். கறுப்புக் கோட்டுக்கு முன்னால் கை மட்டும் வெளிச்சத்தில் இருந்தது. பார்க்கிற கண் முதலில் அங்கேதான் போகும். பாலம் பிறகு. முகம் அதற்கும் பிறகு. படம் என்ற அளவில் அது பிழையான படம்.

"தம்பி, கையைப் பொக்கற்றுக்குள்ள விடும்."

"எந்தக் கையை, அண்ணை?"

அவர் கமராவை இறக்கி வலது கையைப் பார்த்தார். ஆனந்தராஜாவுக்கு விளங்கியது. ஆனாலும் கை கம்பியிலேயே இருந்தது.

"அவைக்கு இது தெரியாட்டில்?"

"அம்மா சொல்லுவா எண்டு நீர்தானே சொன்னனீர். கதையைக் கதையில சொல்லலாம். படம் வடிவாய் இருக்கட்டும்."

கை பைக்குள் போனது. தோள் கொஞ்சம் பின்னால் சரிந்தது. தாடை உயர்ந்தது. பாலத்தின் இரண்டு கோபுரங்களும் அவன் தலைக்கு இரண்டு பக்கமும் சரியாக வந்தன. அவர் எடுத்த படங்களிலேயே நல்ல படம் அது. கழுவி வந்தபோது அவரே இன்னொரு பிரதி போட்டுத் தன்னிடம் வைத்துக்கொண்டார்.

தாய் சொல்லவில்லை. மகன் சொல்லுவான் என்று தாய் இருந்திருக்கிறாள். தாய் சொல்லியிருப்பாள் என்று மகன் இருந்திருக்கிறான். மானிப்பாயில் படத்தைப் பார்த்தார்கள். ஓம் என்றார்கள்.

மறுவருடம் வைகாசியில் அந்தப் பொம்பிளை, கமலாம்பிகை, கொழும்பு வழியாக வந்து இறங்கினாள். ஹீத்ரோவில் ஆனந்தராஜாவோடு தில்லையம்பலமும் செல்வமலரும் நின்றார்கள். கல்யாணம் வரைக்கும் பொம்பிளை அவர்கள் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. ஆனந்தராஜா அதே கோட்டைக் கேட்டு வாங்கிப் போட்டிருந்தான். படத்தில் பார்த்த ஆளை அவள் அடையாளம் காண வேண்டும் அல்லவா. பதற்றத்தில் கையும் தானாகப் பைக்குள் போயிருந்தது.

அவள் அடையாளம் கண்டாள். சிரித்தாள். சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு நேரே அவனிடம் வந்தாள். அவன் வண்டியை வாங்குவதற்குக் கையை வெளியே எடுத்தான்.

சிரிப்பு அப்படியே நின்றது. அவள் சத்தம் போடவில்லை. ரெயினில் செல்வமலருக்குப் பக்கத்தில் இருந்தாள். கையைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். சுரங்கத்துக்குள் ஜன்னலில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

"எப்ப நடந்தது?" என்று கேட்டாள்.

"எண்பத்தேழில," என்றான் ஆனந்தராஜா.

படம் எண்பத்தெட்டில் வந்தது. அவள் கணக்குப் பார்ப்பது தில்லையம்பலத்துக்குத் தெரிந்தது. பிறகு அவள் செல்வமலரிடம் திரும்பினாள்.

"படம் எடுத்தது ஆர், அக்கா?"

செல்வமலர் எதிரே இருந்த கணவரைப் பார்த்தாள். அதுவே பதிலாகிவிட்டது.

கமலாம்பிகை தில்லையம்பலத்தின் மகளின் அறையில் தங்கினாள். காலையில் எழுந்து வீடு கூட்டினாள். செல்வமலரோடு சமைத்தாள். தில்லையம்பலம் வேலையால் வந்தால் சாப்பாடு போட்டு வைத்தாள். "அண்ணை, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ?" என்று கேட்டாள். அந்தப் பணிவுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. திட்டியிருந்தால் திட்டுக்குப் பதில் சொல்லலாம். சோற்றுக்கு என்ன சொல்வது? போதும் என்றார். நாளுக்கு நாள் கொஞ்சமாகச் சாப்பிட்டார்.

ஆனந்தராஜா பின்னேரங்களில் வருவான். கதிரையின் நுனியில் இருப்பான். அவளும் எதிரே இருப்பாள். ஒருநாள் அவன், "நான் எழுதியிருக்கோணும்," என்றான். அவள், "ஓம்," என்றாள். அவன் போன பிறகு தில்லையம்பலம் தன் மனைவியிடம், "அவனில பிழை இல்லை. அவன் கையை வெளியிலதான் வைச்சவன்," என்றார்.

"அப்ப அதை அந்தப் பிள்ளையிட்டச் சொல்லுங்கோ," என்றாள் செல்வமலர்.

புதிதாக வந்தவர்களை ஞாயிறில் ஊர் பார்க்கக் கூட்டிப்போவது வழக்கம். கமலாம்பிகையையும் கூட்டிப்போனார். செல்வமலரும் வந்தாள். அரண்மனை வாசலில் கமலாம்பிகை படத்துக்கு நின்றாள். புறாக்களுக்கு நடுவிலும் நின்றாள். ஒரு புறா தலையில் வந்து இருந்தபோது உண்மையாகவே சிரித்தாள். தேவாலயப் படிகளில் நின்றாள். அவர் வெயிலைப் பார்த்தார். நேரம் சரியாக இருந்தது. இந்தமுறை வெயில் பிந்தினால் நல்லது என்று நினைத்தார். பிந்தவில்லை.

ஆற்றங்கரையில் அவர் கமராவை எடுத்தார். அவள் கம்பியோடு போய் நிற்கவில்லை.

"இஞ்ச வேண்டாம், அண்ணை. இஞ்ச எடுத்த படம் ஒண்டு எங்கட வீட்ட இருக்கு."

செல்வமலர் மெல்ல அடுத்த பீரங்கிப் பக்கம் நடந்து போனாள்.

தில்லையம்பலம் கமராவின் மூடியைப் போட்டார். திரும்பவும் எடுத்தார். திரும்பவும் போட்டார்.

"பிள்ளை, அவன் கையைக் கம்பியில வைச்சுக்கொண்டுதான் நிண்டவன். பொக்கற்றுக்குள்ள விடச் சொன்னது நான்."

அவள் ஆற்றைப் பார்த்தபடி நின்றாள்.

"உமக்கு விருப்பமில்லாட்டில் இந்தக் கலியாணம் வேண்டாம். நான் பொறுப்பு. ஊருக்குத் திரும்பிப் போறதெண்டாலும்..."

"எந்த ஊருக்கு, அண்ணை? கடைசித் தங்கச்சியின்ர நகையும் என்னை அனுப்பத்தான் போனது. றோட்டில ஆமி நிக்குது. போய் அப்பாவுக்கு என்னெண்டு சொல்லுறது?"

அவர் மூடியைத் திரும்பவும் கழற்றினார்.

"கை எனக்குப் பெரிய விசயமில்லை," என்றாள். "எங்கட பக்கத்து வீட்டு மாமாவுக்குக் கால் இல்லை. அவரை மாமி விட்டிட்டே போனவா? என்னட்டக் கேட்டிருந்தால் நான் ஓம் எண்டு சொல்லியிருப்பன். இல்லையெண்டும் சொல்லியிருப்பன். எதைச் சொல்லியிருப்பன் எண்டு எனக்கே தெரியாது. இனி ஒருநாளும் தெரிய வராது. அதுதான் அண்ணை."

பாலத்தின் மேல் ஒரு சிவப்புப் பஸ் போனது. அதற்குப் பின்னால் இன்னொன்று. படம் எடுப்பதற்கு வெளிச்சம் இன்னும் நன்றாகவே இருந்தது.

கல்யாணம் ஆனியில் மனோர் பார்க் முருகன் கோயிலில் நடந்தது. மேளக்காரர் இல்லை. கெட்டிமேளம் கசெற்றில். மாப்பிள்ளைக்குச் சகோதரி லண்டனில் இல்லாதபடியால் செல்வமலர் தோழியாகப் பின்னால் நின்றாள். தாலிக்கொடியின் சுரைத் திருகாணியைத் திருகிப் பூட்டுவதற்கு ஆனந்தராஜாவுக்குப் பெருவிரலோடு சேரச் சுட்டுவிரல் இல்லை. திருகினான். வழுகியது. திரும்பவும் திருகினான். கெட்டிமேளம் அடித்து ஓய்ந்தது. ஐயர் கசெற்றைத் திருப்பிச் சுற்றச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். செல்வமலர் உதவிக்குக் கை நீட்டினாள். அதற்குள் கமலாம்பிகை தன் இடது கையைத் தலைமாலைக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சுரையைப் பிடித்துக்கொடுத்தாள். அது பூட்டியது. சபை அட்சதை போட்டது. தில்லையம்பலம் அந்தக் கணத்தைப் படம் எடுக்கவில்லை. படக்காரர் அவர்தான். கமராவின் ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு ஒருநாள் அவர் கறுப்புக் கோட்டைக் கொண்டுவந்து செல்வமலரின் மடியில் போட்டார்.

"இந்த ரெண்டு பொக்கற்றையும் தைச்சு மூடும்."

"ஏனப்பா, நல்ல கோட்டை?"

"மூடும்."

அவள் கறுப்பு நூலால் இரட்டைத் தையல் போட்டாள். அன்றிலிருந்து அந்தக் கோட்டில் பை இல்லை. பொடியன்கள் மார்கழிக் குளிரில் பாலத்துக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

"அண்ணை, விரல் விறைக்குது."

"விறைக்கட்டும். விரலை வெளியில வையும்."

ஏன் என்று அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. மனிசன் வயது போகப் போக வில்லங்கம் பிடித்தவனாகிவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். ஒருவன் கையுறை போட்டுக்கொண்டு வந்தான். கழற்றச் சொன்னார். பெண் பார்க்கிற படம் என்று சொன்னால், வந்தவனைப் பிடித்து இருத்தி, வேலை என்ன, நோய் வருத்தம் உண்டா, அகதிக் கேஸ் என்ன நிலையில் இருக்கிறது, அவர்களுக்கு இதெல்லாம் சொல்லியாயிற்றா என்று கேட்டார். பலர் படத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனந்தராஜாவும் கமலாம்பிகையும் பிளாஸ்ரோவில் ஒரு சின்ன வீடு எடுத்தார்கள். ஒரு ஆண் பிள்ளை, பிறகு ஒரு பெண். குடும்பம் நன்றாகவே போனது. சண்டை இல்லை. தீபாவளி, பொங்கல் என்று தில்லையம்பலம் வீட்டுக்கு வருவார்கள். அவர்கள் வீட்டு அல்பத்தை ஒருநாள் அவர் எடுத்துப் புரட்டினார். ஊருக்கு அனுப்பிய படங்களின் பிரதிகள் அதில் இருந்தன. ஒரு படத்தில் ஆனந்தராஜாவின் வலது கை பிள்ளையின் துணிக்குள் இருந்தது. அடுத்ததில் மனைவியின் முதுகுக்குப் பின்னால். பிறந்தநாள் படத்தில் கேக் பெட்டிக்கு அப்பால். வருடக்கணக்கான படங்கள். ஒன்றிலும் கை இல்லை.

அவர் அல்பத்தை மூடி வைத்தார். அவர் ஒரு பின்னேரம் சொல்லிக்கொடுத்த நிலையை ஒரு குடும்பமே பழகிவிட்டிருந்தது. கமலாம்பிகையின் தாய் தகப்பனுக்கு அவர் சொன்ன பொய்யை அவள் தன் கையால் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, நான் அப்பாவுக்கு எழுதி உண்மையைச் சொல்லட்டோ? என்ர பிழை எண்டு எழுதிறன்," என்று கேட்டார்.

"அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம், அண்ணை. அந்தப் படத்தை மண்டபத்தில மாட்டி வைச்சிருக்கிறார். வாற ஆக்களுக்கெல்லாம் காட்டுறாராம். விடுங்கோ."

அவர் விட்டார். விட்டதும் பிழை என்று பிறகு நினைத்தார்.

1995 ஐப்பசியில் யாழ்ப்பாணம் முழுவதும் இரவோடிரவாக இடம்பெயர்ந்தது. கமலாம்பிகையின் தாயும் தகப்பனும் மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தார்கள். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தகப்பன் இறந்தார். செய்தி இங்கே வந்து சேரவே கனநாள் பிடித்தது. தில்லையம்பலம் செத்தவீட்டுக்குப் போய் இருந்தார். பிரேதம் இல்லாத செத்தவீடு. தாயை வன்னி வழியாகக் கொழும்புக்கு எடுத்து, அங்கிருந்து லண்டனுக்குக் கூப்பிடுவதற்கு அடுத்த வருடம் சித்திரையாகிவிட்டது.

விசா கிடைத்த கிழமை கமலாம்பிகை ரெலிபோன் எடுத்தாள்.

"அண்ணை, அம்மா வாறா. வாறதுக்கு முதல் ஒரு படம் அனுப்போணும். அண்டைக்கு நான் பட்ட மாதிரி அவ எயார்போர்ட்டில படக் கூடாது."

"எங்க எடுக்கிறது?"

"உங்களுக்குத் தெரியும். அந்தக் கோட்டையும் கொண்டு வாங்கோ. அம்மாவுக்கு அந்தக் கோட்டுத் தெரியும்."

ஞாயிறு பின்னேரம். பிள்ளைகள் பீரங்கிகளில் ஏறி விளையாடினார்கள். ஆனந்தராஜா உடம்பு வைத்திருந்தான். முதுகுக்குக் கிளிப் தேவைப்படவில்லை. பொத்தான் பூட்டுவதுதான் கஷ்டமாக இருந்தது. கம்பியோடு போய் நின்றான். கையைப் பைக்குள் விடப் பார்த்தான். பழக்கம். தையல் தடுத்தது. கையைப் பார்த்தான். தில்லையம்பலத்தைப் பார்த்தான்.

"கம்பியில வையும், தம்பி. அண்டைக்கு வைச்ச மாதிரி."

கை கம்பிக்குப் போனது. கமராவுக்குள் பார்த்தார். கறுப்புக் கோட்டுக்கு முன்னால் கை வெளிச்சத்தில் இருந்தது. கண் முதலில் அங்கேதான் போனது. பிறகு முகத்துக்குப் போனது. பாலம் கடைசி. ஊசி சரியான இடத்தில் நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். படம் ஆடியிருக்கும் என்று பயந்து இன்னொன்றும் எடுத்தார்.

"அப்பாவுக்கு இதைக் காட்ட ஏலாமல் போச்சு," என்றாள் கமலாம்பிகை. குற்றம் சொல்கிற குரல் இல்லை. நடந்ததைச் சொல்கிற குரல்.

"ஓம், பிள்ளை."

"கமராவைத் தாங்கோ."

"ஏன்?"

"தாங்கோ. நீங்கள் போய் அதில நில்லுங்கோ. உங்களை ஆரும் எடுத்ததில்லையே."

அவர் மறுத்துப் பார்த்தார். ஆனந்தராஜா கம்பியை விட்டு விலகினான். அவர் போய் நின்றார். கமராவுக்கு முன்னால் நிற்கத் தெரியாத மனிதர். தாடையை உயர்த்தினார், இறக்கினார். இரண்டு கைகளையும் தன் ஜாக்கெற் பைக்குள் விட்டார்.

கமலாம்பிகை கமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல் சொன்னாள்:

"கையை வெளியில எடுங்கோ, அண்ணை."

எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கம்பியில் வைக்க மனம் வரவில்லை. முன்னால் கோர்த்தார். பிரித்தார். அந்த நேரத்தில் அவள் எடுத்தாள்.

தாய் வந்து இறங்கியபோது முதலில் மருமகனின் வலது கையைத்தான் பிடித்தாள். கனநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு தில்லையம்பலத்தைக் காட்டி, இவர் யார் என்று கேட்டாள். மகள் சொன்னாள்.

"அப்ப அந்தப் படம் எடுத்த தம்பி நீங்களோ?" என்றாள் தாய். "இவளின்ர அப்பா அந்தப் படத்தைச் சட்டத்தோட கழட்டிக்கொண்டுதான் வெளிக்கிட்டவர். பானை சட்டி ஒண்டும் எடுக்கேல்லை. கொடிகாமத்திலையும் தலைமாட்டில வைச்சிருந்தவர். எங்கட மருமகன் என்ன நிமிர்ந்து நிக்கிறார் பார் எண்டு சொல்லுவார். நல்ல படம், தம்பி."

தில்லையம்பலம் தலையாட்டினார். நன்றி சொன்னது போலவும் இருந்தது, இல்லை என்றது போலவும் இருந்தது. சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அதன் பிறகு அவர் அதிகம் படம் எடுக்கவில்லை. புதிதாக வருகிறவர்களிடம் சொந்தக் கமரா இருந்தது, சொந்தக் கோட்டும் இருந்தது. பை மூடிய கறுப்புக் கோட்டை அவரே வேலைக்குப் போட்டுக்கொண்டு போகத் தொடங்கினார். மகள் பொறியியல் முடித்து முதல் சம்பளத்தில் ஒரு நல்ல ஜாக்கெற் வாங்கிக் கொடுத்தாள். அது அலுமாரியில் இருந்தது. "இதுக்கு என்ன குறை?" என்பார். குளிரில் கை சிவந்துபோய் வீட்டுக்கு வருவார்.

1998 மாசியில் ஒரு பின்னேரம், ஷிப்ட் முடித்துக் கோட்டைப் போட்டுக்கொண்டிருக்கும்போது விழுந்தார். மாரடைப்பு. வயது ஐம்பத்தெட்டு.

மரண அறிவித்தலுக்குப் படம் தேவைப்பட்டது. வீட்டில் பெட்டி பெட்டியாகப் படங்கள் இருந்தன. யார் யாரோ பாலத்துக்கு முன்னால், யார் யாரோ புறாக்களோடு. அவர் ஒன்றிலும் இல்லை. படம் எடுக்க அவரோடு ஒருமுறையாவது போயிருந்தால் மகள் அவரை எடுத்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குப் படிப்பு இருந்தது. படிப்பு முடிந்த பிறகு வேறு வேலை இருந்தது.

கமலாம்பிகை தன்னிடம் இருந்த படத்தைக் கொண்டுவந்தாள். படத்தில் பாலம் சற்றுச் சரிந்து விழுந்திருந்தது. அவர் நடுவில் இல்லை. இரண்டு கைகளும் வயிற்றுக்கு முன்னால், கோர்க்கவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. வெயில் கைகளில் இருந்தது.

தமிழ்ப் பத்திரிகையில் முகம் மட்டும் போதும், மற்றதை வெட்டிவிடலாம் என்றார்கள். எல்லா அறிவித்தலும் அப்படித்தான் வருகிறது என்றார்கள்.

மகள் கமலாம்பிகையைப் பார்த்தாள். கமலாம்பிகை இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"வெட்ட வேண்டாம்," என்றாள் மகள். "முழுக்கப் போடுங்கோ."